இரண்டு ஊரிலும் இல்லாதவளின் வழக்கு

2014 மார்ச் 11

இன்றைக்கும் சுபஹு பாங்குக்கு வெகு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. வந்து என்ன செய்ய? மா அவிக்கவா, உரல் கழுவவா? றைஸா கடைக்கு இடியப்பம் விடுவதை நிறுத்திவிட்டாள் என்று இந்த உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லைப் போல. பாயில் கிடந்து கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவர் குறட்டை. கொடுத்து வைத்த மனிதன்.

லோயர் பரமநாதன் ஐயாதான் எழுதச் சொன்னார். "எப்ப நோகுது, என்ன வேலை செய்ய ஏலாமல் போகுது எண்டு திகதி போட்டு எழுதி வையுங்கோ தங்கச்சி. வழக்கு இழுபடும். பிறகு ஒண்டும் நினைவு இராது." யாழ்ப்பாணத்தார். சண்டை நேரம் புத்தளத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். மகள் ஸஃப்னாவின் பழைய கொப்பியில் மிச்சம் கிடந்த பக்கங்களில் எழுதுகிறேன்.

சரி, எழுதுகிறேன். இடது முழங்கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. விரல் மூன்று விறைப்பு. தேங்காய் துருவ முடியாது. துணி பிழிய முடியாது. என் கொண்டையை நானே போட முடியாது, மகள் போட்டுவிடுகிறாள். போடும்போது தலையில் இரண்டு குட்டும் குட்டுகிறாள், "ஆடாம இரிங்க உம்மா" என்று. சின்னதில் நான் குட்டியதற்கெல்லாம் பதில் குட்டு.

மார்ச் 12

நோவு. வேறொன்றும் இல்லை.

மார்ச் 15

நடந்ததையும் எழுதச் சொன்னார்.

போன வருடம் நவம்பர். குறிஞ்சிப்பிட்டிச் சந்தியில் தாஹிர் நானாவின் கடை. வழக்கம்போல விடியற்காலையில் இடியப்பக் கூடையைக் கொண்டுபோய்க் கடை வாசல் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிஸ்கட் கம்பனி லொறி எப்போதும் வெயில் ஏறின பிறகுதான் வரும். அன்றைக்கு ட்ரைவருக்குக் கற்பிட்டி வரை சீக்கிரம் முடித்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். பின்னால் நின்று கை காட்ட ஆளில்லை. பின்னுக்கு எடுத்தான். லொறிக் கதவுக்கும் கடைத் தூணுக்கும் நடுவில் என் கை.

பெரிய சத்தம் போட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. இடியப்பம் முழுவதும் மண்ணில் கிடந்தது ஞாபகமிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது தாஹிர் நானாவிடம் "நாளைக்கிக் கூடக் கொண்டாறன் நானா" என்றேனாம். அவர் இப்போதும் அதைச் சொல்லிக் கண் கலங்குகிறார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதை. "இடது கைதானே புள்ள, அல்ஹம்துலில்லாஹ், சோத்துக் கைக்கு ஒண்டுமில்ல." நானும் தலையாட்டினேன். இடியப்பத்தை ஒற்றைக் கையால் புழிகிறவளை எந்த ஊரில் கண்டார்கள் இவர்கள்? உரலைப் பிடித்து அழுத்த இரண்டு கையும் வேண்டும். தோள் இரண்டும் வேண்டும். சோற்றுக் கை சோறு தின்னத்தான். அந்தச் சோற்றை உழைத்தது இரண்டு கையும் சேர்ந்து.

மார்ச் 21

புத்தளத்துக்குப் போய் லோயரைப் பார்த்தோம். இவரும் வந்தார், உப்பளத்தில் லீவு போட்டு.

லோயர் சொன்னார்: "லொறியில பிழை எண்டது பொலிஸ் வழக்கிலேயே முடிஞ்சுது. ட்ரைவர் ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிட்டான். இனி இன்சூரன்ஸிட்ட நட்டஈடு. அதில ரெண்டு பங்கு. ஒண்டு நோவுக்கும் ஊனத்துக்கும். மற்றது நீங்கள் உழைச்சதுக்கும் இனி உழைக்க ஏலாததுக்கும். ரெண்டாவதுதான் பெரிசு. அதுக்கு நீங்கள் இஞ்ச குடியிருந்து தொழில் செய்தனீங்கள் எண்டு கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் எடுங்கோ."

ஊனம். முதல் தடவையாக என்னைப் பற்றி ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டேன். பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

எனக்கு என்ன வேண்டும் என்று பஸ்ஸிலேயே யோசித்தேன். காசு வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன், வேண்டும். ஆனால் அதைவிட, நீதிமன்றக் கதிரையில் இருக்கிற அந்தப் பெரிய மனிதர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும்: இந்தப் பெண்பிள்ளை உழைத்தாள், இவளுடைய கையில் ஒரு வீடு நின்றது. உப்பளத்தில் மழைக்காலம் வேலையில்லை. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எதில் எரிந்தது? இதை யாராவது பெரிய இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

ஏப்ரல் 3

கிராம சேவகரிடம் போனேன். நல்ல பொடியன். கதிரை தந்தார்.

"ராத்தா, உங்கட பேர் என்ட பதிவு டாப்புலயே இல்லயே. நீங்க மன்னார்ல பதிஞ்சீக்கிறீங்க. நான் எப்பிடிக் கடிதம் தாற?"

அவருடைய வீட்டுக்கே தாஹிர் நானா கடையிலிருந்து என் இடியப்பம்தான் போகும். "உங்கட இடியப்பம் நிண்டதுலருந்து எங்கட வீட்டுல காலையில சண்டை ராத்தா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தின்னலாம், எழுதித் தரத்தான் ஏலாது. சட்டம் அப்படி. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை எங்களுடையது. குறையா அது? தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. ஓ.எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டின துணியோடு சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து இந்தக் கரைக்கு வந்தோம். இங்கேதான் கலியாணம், இங்கேதான் பிள்ளை, இங்கேதான் இடியப்பம். சண்டை முடிந்ததும் ஊரில் காணி இருக்கிறவர்களுக்கு வீட்டுத்திட்டம் என்றார்கள். பதிவை அங்கே மாற்றினால்தான் வீடு. மாற்றினோம். அங்கே போய் இருக்கத் தண்ணி இல்லை, பள்ளிக்கூடம் சரியில்லை, இவருக்கு வேலை இல்லை. அதனால் பதிவு அங்கே, பாடு இங்கே. இந்த அகதி முகாமில் பாதிப் பேர் இப்படித்தான். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்.

லொறி வந்து இடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 5

இவர், மன்னாரில் எங்கள் ஊர்க் கிராம சேவகருக்குப் போனில் கோல் எடுத்துக் கேட்டார். அவர் சொன்னாராம்: "இஞ்ச இருக்கிறா எண்டு வேணுமெண்டால் கடிதம் தாறன். புத்தளத்தில இடியப்பம் வித்தவ எண்டு நான் எப்பிடித் தாறது?"

நியாயம்தான். எல்லோரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள்.

ஏப்ரல் 27

இவர் இன்றைக்கு ஊருக்குப் போனார். மாதம் ஒரு தடவை போய் இரண்டு மூன்று நாள் தகரக் கொட்டிலில் தங்கி வருவார், ஆள் இருக்கிறது என்று காட்ட. வண்ணாத்திவில்லு தாண்டிக் காட்டுப் பாதையால் பஸ். போய் இறங்கும்போது ஆள் செம்மண் பொம்மை மாதிரி இருப்பார்.

யூஜீனியாவுக்கு ஒரு பை உடுப்புக் கொடுத்துவிட்டேன். என் வீட்டுக் கவுன் இரண்டு, இவருடைய சாரம் ஒன்று, ஸஃப்னாவின் பள்ளிக்கூட வெள்ளை. யூஜீனியா எங்கள் பக்கத்து வளவுக்காரி, மாதா கோயில் வேதக்காரி, என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். வீட்டுத்திட்டக் கந்தோரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து, குடியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அதனால் அவள் எங்கள் உடுப்பைத் தோய்த்து எங்கள் வளவுக் கொடியில் காயப் போடுவாள். காய்ந்தால் நனைத்துத் திரும்பவும் போடுவாள். எங்கள் அடுப்பில் இரண்டு தென்னோலையை எரித்துச் சாம்பலும் வைப்பாள். போன தடவை சொன்னாள்: "உன்ர கவுன் வெயில் குடிச்சு நரைச்சுப் போச்சுதடி, வேற அனுப்பு. வந்தவங்கள் உனக்கு ஒரே உடுப்புத்தான் எண்டு நினைக்கப் போறாங்கள்."

நான் இல்லாத இடத்தில் என் உடுப்பு குடியிருக்கிறது. நான் இருக்கிற இடத்தில் என் பெயர் இல்லை.

மே 18

கடிதம் இல்லாவிட்டால் சாட்சி என்றார் லோயர். தாஹிர் நானாவிடம் போய்க் கேட்டேன். பயந்து பயந்துதான் கேட்டேன். கடைக்காரர்களுக்குக் கோடு, வழக்கு, கச்சேரி என்றால் பிடிக்காது.

"வாரன் புள்ள. உள்ளதச் சொல்ல என்னத்துக்குப் பயப்புட்ற? ஒரு நாள் கூட நீ புளிச்ச இடியப்பம் கொண்டு வந்ததில்ல. அதையும் சொல்வேன்."

திரும்பி வரும்போது அந்தத் தூணைப் பார்த்தேன். பூச்சுப் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். தூணுக்குச் சுகம் வந்துவிட்டது.

ஜூலை 9

நோன்பு. முன்பெல்லாம் இந்த மாதத்தில் சஹருக்கும் கேட்பார்கள், நோன்பு திறக்கவும் கேட்பார்கள். நோன்பும் பிடித்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் நிற்பேன். அப்போது அல்லாஹ்விடம் ஓய்வு கேட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது.

இப்போது மூன்றாம் ஒழுங்கை ஃபர்ஸானா விடுகிறாளாம். இன்றைக்கு இவர் வாங்கி வந்தார், தெரியாமல். தின்றேன். மா சரியாக அவியவில்லை. தொண்டையில் நின்றது. என்ட அல்லாஹ், என்னால ஏலாது. ஒரு வேலையும் இல்லாம குந்திக்கிட்டு மத்தவள்ட இடியப்பத்துல குத்தம் பாக்கிறன். இந்தக் கைய அண்டைக்கே வெட்டிப் போட்டிருந்தா என்ன? தொங்கிக்கிட்டுக் கிடக்கு, எதுக்கும் உதவாம.

ஒக்டோபர் 14

வழக்குப் போட்டாயிற்று. இரண்டு வருடத்துக்குள் போடாவிட்டால் செல்லாதாம். லோயர் கையெழுத்து வாங்கும்போது, "இனிப் பொறுமைதான் தங்கச்சி" என்றார். இவ்வளவு நாளும் என்ன செய்தேன் என்று நினைத்தாரோ.

2015 ஜனவரி 9

நேற்று ஓட்டுப் போட ஊருக்குப் போனோம். முகாமிலிருந்து பஸ் பஸ்ஸாக. குலுக்கலில் கையைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனேன். ஓட்டுப் போடாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று இவருக்குப் பயம்.

வீட்டு லிஸ்டில் எங்கள் பெயர் வந்துவிட்டது! அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். அதற்குள் இறங்கி நின்று பார்த்தேன். இது குசினி, இது ஸஃப்னாவின் அறை என்று இவர் கைகாட்டிக்கொண்டே நடந்தார். இவ்வளவு சந்தோசமாக அவரைக் கண்டு எத்தனையோ காலம்.

யூஜீனியா மீன் குழம்பு வைத்திருந்தாள். நாங்கள் சாப்பிடவென்று, பன்றி படாத, தனிச் சட்டி வைத்திருக்கிறாள். பரிமாறிக்கொண்டே, "அடியே, லிஸ்டில பேர் வந்தது ஆரால எண்டு நினைக்கிறாய்? என்னால" என்றாள்.

"போன மாசம் ஒருத்தர் வந்தவர். மோட்டச்சைக்கிள், கையில பைல். கண்ட உடனயே விளங்கிட்டுது, வீட்டுத்திட்டம். றைஸா எங்க எண்டார். நான் விடுவனே? இப்பதான் கிணத்தில தண்ணி அள்ளிக்கொண்டு போனவ, மறைப்புக்குள்ள குளிக்கிறா, பொம்பிளை குளிக்கிற இடத்துக்குப் போகப் போறியளோ எண்டன். மனுசனுக்கு முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. என்ன வேலை செய்யிறா எண்டார். ஒரு வேலைக்கும் போறதில்லை, வளவோடதான், கத்தரிக் கன்று முழுக்க அவ வச்சது, மண்வெட்டி பிடிச்சாளெண்டால் ஆம்பிளை தோத்துப் போவான் எண்டன். எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போனவர்."

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஸஃப்னாவுக்குப் புரைக்கேறியது. அடிபட்ட பிறகு நான் இப்படிச் சிரித்ததில்லை. யூஜீனியாவின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 20

அந்த மனிதன் வீட்டுத்திட்டக்காரன் இல்லை. இன்சூரன்ஸ் கம்பனி ஆள்.

லோயர் கம்பனியின் மறுமொழியை வாசித்துச் சொன்னார். வாதி புத்தளத்தில் வசிப்பவரல்ல. மன்னார் மாவட்டத்தில் நிரந்தரமாக வசிக்கிறார். தொழில் எதுவும் இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறார், தோட்டம் கொத்துகிறார். அயலவர் வாக்குமூலம்.

"ஆர் தங்கச்சி இந்த யூஜீனியா? உங்களுக்குக் கோபக்காரியோ, ஏதும் பகையோ?" என்று கேட்டார்.

என்ன சொல்ல நான்? கோபக்காரியா? என்ட உயிர் அவ. சிரிப்பு வந்திச்சு, லோயர்ட முன்னால. சிரிச்சிக்கிட்டே அழுதுட்டன். மரத்தால விழுந்தவன மாடேறி மிதிச்ச கதை. அதுவும் நான் புல்லுப் போட்டு வளத்த மாடு.

பெப்ரவரி 22

இவர் வேண்டாம் என்றார். கேட்காமல் யூஜீனியாவுக்குக் கோல் எடுத்தேன். திட்டத்தான் எடுத்தேன். குரலைக் கேட்டதும் முடியவில்லை, உள்ளதைச் சொன்னேன்.

அவள் ஓவென்று அழுதாள்.

"உன்ர கைய நானே முறிச்ச மாதிரிப் போச்சே றைஸா. தொண்ணூறில நீங்கள் போகேக்க ஒண்டும் செய்ய ஏலாமல் படலைக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். இப்பவாவது உனக்கு ஒண்டு செய்வம் எண்டுதானடி வாய் நிறையப் பொய் சொன்னன்."

"அழாத" என்றேன்.

"நான் வாறன். கோட்டில நிண்டு, நான் பொய் சொன்னனான், அவ இஞ்ச இருக்கிறேல்ல எண்டு மாதா மேல சத்தியம் பண்ணிச் சொல்றன். என்னை மறியலில போட்டாலும் பரவாயில்லை."

அவள் வருவாள். சொன்னால் செய்கிறவள். ஆனால் அவள் வந்து அந்த உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும்.

மார்ச் 8

லோயர் பிரித்துப் பிரித்துச் சொன்னார். யூஜீனியாவும் தாஹிர் நானாவும் வந்து உள்ளதைச் சொன்னால் வழக்குக்கு உயிர் வரும். ஆனால் கம்பனி ஏற்கெனவே அங்கத்தைய பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. நாங்கள் அங்கே குடியில்லை என்று நீதிமன்றத்தில் பதிந்தால் அது அங்கே போகும். லிஸ்டில் கோடு விழும்.

இவருக்கு இரண்டும் வேண்டும். பாம்பும் சாக வேணும், தடியும் முறியக் கூடாது. வரும் வழியெல்லாம் கத்தினார். "வழக்கு இண்டைக்கி வரும் நாளைக்கிப் போகும். வீடு ஒருக்காப் போனா வராது. ஒனக்கு வெளங்குதா?"

"என்ட கை வருமா?" என்றேன்.

நானும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மே 24

ஸஃப்னாவைக் கேட்டு வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முஆஸ், மன்னார் டவுனில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறார். மாப்பிள்ளையின் உம்மா நஃபீஸா மரியாதையான ஆள். சீதனம் ஒன்றும் கேட்கவில்லை. "புள்ளைக்கி வீடு ஈக்கிதுதானே?" என்று மட்டும் கேட்டார். அது சீதனமில்லையாம். பெண்ணுக்கு வீடு கொடுக்கிறது எங்களில் சோறு போடுகிற மாதிரி, கேட்கவே தேவையில்லாத ஒன்று.

"ஓம், கட்டுப்படுது" என்றார் இவர். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு ஸஃப்னா என்னிடம் வந்து, "எனக்கு வீடு வேணாம் உம்மா. நீங்க கோட்டுல உள்ளதச் சொல்லுங்க. அந்த இடியப்பத்துலதான் நான் வளந்த" என்றாள். சொன்னவளுக்குப் பத்தொன்பது வயது. வீடில்லாத பெண்ணை இருபத்தேழு வயதில் ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். இந்த முகாமில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

"வாய மூடு" என்றேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. தேத்தண்ணி கொண்டுபோகும்போது கோப்பை கிலுங்கியது.

ஜூன் 30

யாரிடம் கேட்க? புத்தி சொல்கிறவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு இடத்தில் ஒரு வீடு இருக்கிறது.

ஓகஸ்ட் 2

பெரிய டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் மடங்காது என்றார். நல்ல மனிதர். "அம்மா என்ன வேலை?" என்று கேட்டார், சிங்களத்தில். இடியப்பம் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

ஒக்டோபர் 19

கம்பனி லோயர் இறங்கி வந்திருக்கிறாராம். நான் மன்னார்வாசி, தொழில் இல்லாதவள் என்று ஒத்துக்கொண்டால், நோவுக்கும் ஊனத்துக்கும் மட்டும் ஏதோ தந்து முடிப்பார்கள். உழைப்பைப் பற்றிய பேச்சு இல்லை. நீதிபதி என்னையே கேட்பார், நான் வாயால் சொல்ல வேண்டும்.

"இதைச் செய்யுங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன் தங்கச்சி. செய்யாதேங்கோ எண்டும் சொல்ல மாட்டன்" என்றார் பரமநாதன் ஐயா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் வயதாகிவிட்டது.

யூஜீனியாவுக்குச் சொன்னேன், வராதே என்று. "என்னடி சொல்றாய்?" என்றாள். வராதே என்று திரும்பவும் சொன்னேன்.

நவம்பர் 17

இன்றைக்கு முடிந்தது.

தாஹிர் நானா வந்திருந்தார். கலியாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சேர்ட், தொப்பி. கடையை மூடிவிட்டு வந்திருக்கிறார். நேற்றே அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, இவர் சொல்வார் என்று நினைத்தேன், இவர் நான் சொல்வேன் என்று நினைத்தார். அந்த மனிதர் பின்வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பெயர் கூப்பிட்டால் உடனே எழும்ப.

என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"நிரந்தர வதிவிடம்?"

சொன்னேன். சிலாவத்துறைப் பக்கம்.

"விபத்து நடந்த அன்று புத்தளத்துக்கு எதற்கு வந்தீர்கள்?"

"சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தனான்."

"தொழில்?"

சாட்சிக் கூட்டில் பிடித்துக்கொள்ள ஒரு மரச்சட்டம் இருந்தது. வலது கையால் பிடித்துக்கொண்டேன். காய்ச்சல் வருத்தமாயிருந்த நாளிலும், ஸஃப்னா வயிற்றில் இருந்த நாளிலும், வெள்ளம் வந்து குசினிக்குள் தண்ணி நின்ற நாளிலும் புழிந்தேனே. இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். இவரைப் பார்த்தேன். இவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொழில் ஏதும் செய்தீர்களா?"

"இல்லை."

"எப்போதாவது?"

"இல்லை."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். சிங்களத்தில் அது இன்னும் சின்னச் சொல். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் அதை அடித்து முடித்துவிட்டு அடுத்த கேள்விக்காக நிமிர்ந்தாள். அடுத்த கேள்வி இல்லை.

என் வாயால்தான் சொன்னேன். யாரும் என் வாயைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் வாயால் என்னைப் பற்றிக் கேட்க ஆசைப்பட்டேன். அவர் நான் சொன்னதைத்தான் எழுதினார்.

வெளியே மர நிழலில் தாஹிர் நானா நின்றார். ஓடி ஒளியத்தான் நினைத்தேன். அவரே கிட்ட வந்தார். கோபமில்லை. மெல்லத்தான் கேட்டார்.

"அப்ப புள்ள, நான் இத்தின வருசமா ஆருட்ட இடியப்பம் வாங்கின?"

இவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், வீடு, புள்ளைட கலியாணம் என்று. தாஹிர் நானா கையைக் காட்டி நிறுத்தினார். "வெளங்குது தம்பி. எனக்கும் பொம்புளப் புள்ள மூணு பேர்." எங்களுக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டு, அவர் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

நவம்பர் 18

வழக்கு முடிந்தது. நோவை இனி யாருக்கு எழுதுவது?

2016 மார்ச் 6

கொப்பியைத் தேடி எடுத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஊரில் இருக்கிறோம், புது வீட்டில். நிக்காஹ் போன மாதம் நல்லபடியாக முடிந்தது. வழக்கில் வந்தது கதவுக்கும் ஜன்னலுக்கும் போனது. முஆஸ் தங்கமான பிள்ளை. ஸஃப்னாவின் முகம் தெளிவாக இருக்கிறது. இதற்குத்தானே எல்லாம்.

இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், வீடு பார்க்க. முன் அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். நஃபீஸா மச்சி என் பக்கத்தில் இருந்தார். என் மேல் அவருக்கு நல்ல மதிப்பு. வந்தவர்களில் ஒரு வயதான பொம்புளை என் கையைப் பார்த்துவிட்டு, "வேலை செஞ்ச எடத்துல பட்டதா?" என்று கேட்டார்.

நஃபீஸா மச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்காக முந்திக்கொண்டு பதில் சொன்னார். "சே, வேலையா? எங்கட சம்பந்தி அப்பிடி ஆள் இல்ல. கடைத்தெரு, உழைப்பு எண்டு ஒரு நாளும் வெளிய எறங்காத பொம்புள. வீட்டோட இரிந்து புள்ளய வளத்தவங்க. இவங்க வாயால கோட்டுலயே சொல்லியீக்கிறாங்க. அதக் கேட்டுத்தான் எனக்கு மனசு நெறஞ்ச. அந்த வளர்ப்புத்தான் இந்தப் புள்ளையில தெரியிது."

எல்லோரும் என்னைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்கள். ஸஃப்னா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மச்சி," என்றேன். "சும்மா வீட்டுலதான் இரிந்தன்."

ஸஃப்னா தட்டை நிலத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. தேத்தண்ணியை நானே எடுத்துக் கொடுத்தேன், ஒவ்வொரு கோப்பையாக.